கிணற்றில் பெட்ரோல் குறைந்துவிட்டது, சந்தோஷப்படலாமா?

கேள்வி: எங்கள் வாகன டிப்போவில் நிலத்தடியில் புதைத்திருந்த பெட்ரோல் தொட்டி கசிந்திருக்கிறது. இருப்புப் பதிவேட்டைத் திரும்பிப் பார்த்ததில் சுமார் 6,000 லிட்டர் கணக்கில் வரவில்லை. தொட்டியை எடுத்துவிட்டோம். இரண்டு கண்காணிப்புக் கிணறுகள் போட்டோம். வறண்ட மாதத்தில் நீர்மட்டம் 7 மீட்டர் ஆழத்தில் இருந்தபோது முதல் கிணற்றில் 60 செ.மீ. பெட்ரோல் மிதந்தது. மழைக்குப் பிறகு நீர்மட்டம் 5 மீட்டருக்கு ஏறியது; இப்போது 8 செ.மீ. தான் இருக்கிறது. இரண்டாவது கிணற்றில் ஒன்றும் இல்லை. மண் பெரும்பாலும் மணல், நடுநடுவே களி. 120 மீட்டர் தள்ளி ஒரு வீட்டுக் கிணறு இருக்கிறது. தண்ணீரில் வாசனை எதுவும் இல்லை என்கிறார்கள். மூன்று நிறுவனங்கள் விலை சொல்லியிருக்கின்றன. ஒன்று, நாளொன்றுக்கு 50,000 லிட்டர் நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிப்பது. இரண்டு, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைத் துளைகள் வழியே செலுத்துவது. மூன்று, 4 மீட்டர் ஆழம் வரை மண்ணைத் தோண்டி எடுப்பது. எண்ணெய்தான் தானாகவே குறைந்து வருகிறதே, மூவரில் மலிவானவருக்கே வேலையைக் கொடுத்துவிடலாமா? எத்தனை ஆண்டில் முடியும்?

பதில்: மலிவானவருக்கும் வேண்டாம், மற்ற இருவருக்கும் இப்போதைக்கு வேண்டாம். ஏனென்று சொல்கிறேன். அதற்கு முன்னால், இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

அந்த வீட்டுக் கிணற்று நீரை லேப் முடிவு வரும்வரை யாரும் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். மாற்றுத் தண்ணீருக்கு நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். வாசனை இல்லை என்பது நல்ல செய்திதான், ஆனால் பெட்ரோலில் உள்ள நச்சுச் சேர்மமான பென்சீன் விஷயத்தில் மூக்கை நம்ப முடியாது. குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். மனித மூக்கு தண்ணீரில் பென்சீனை உணரத் தொடங்குவது லிட்டருக்கு 10 மில்லிகிராம் வாக்கில். ஆயிரம் மடங்கு இடைவெளி. பெட்ரோலில் உள்ள வேறு சில சேர்மங்கள் முன்னதாகவே வாசனை காட்டிக்கொடுக்கும் என்றாலும், ஒரு குடும்பத்தின் குடிநீரை அந்த நம்பிக்கையில் விட முடியாது.

இனி 60 செ.மீ. எட்டாகக் குறைந்த கதைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுதான்.

பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது. ஒரு லிட்டர் முக்கால் கிலோ அளவில்தான் இருக்கும். அதனால் மிதக்கும். ஆனால் மண்ணுக்குள் அது சாம்பாரின் மேல் நிற்கும் எண்ணெய் போலத் தனி அடுக்காக நிற்பதில்லை. மணல் துகள்களின் இடுக்குகளில் தண்ணீர், காற்று, பெட்ரோல் மூன்றும் கலந்து, ஒன்றை ஒன்று நெருக்கியபடி இருக்கும். கிணற்றுக் குழாய் என்பது இடுக்கே இல்லாத வெறும் வெளி. சுற்றியுள்ள மண்ணில் நகரக்கூடிய பெட்ரோல் அதற்குள் வடிந்து, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கீழே அழுத்தித் தடிமனாகத் தேங்கும். ஆகவே குழாயில் 60 செ.மீ. என்றால் மண்ணிலும் 60 செ.மீ. முழுக்க பெட்ரோல் என்று அர்த்தமில்லை. அதே காரணத்தால், குழாயில் 8 செ.மீ. என்றால் மண்ணில் பெட்ரோல் குறைந்துவிட்டது என்றும் அர்த்தமில்லை.

நடந்தது இது: நீர்மட்டம் 7 மீட்டரில் இருந்தபோது பெட்ரோலும் கூடவே இறங்கி அங்கே பரவியது. மழை வந்து தண்ணீர் 2 மீட்டர் ஏறியது. பெட்ரோலில் ஒரு பகுதி மேலே வந்தது. பெரும்பகுதி குமிழ் குமிழாக மணல் இடுக்குகளில் சிக்கி, தண்ணீருக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டது. சிக்கியது நகராது, கிணற்றுக்குள் வடியாது, அதனால் உங்கள் அளவுகோலுக்கும் தெரியாது. அடுத்த வறட்சியில் நீர் இறங்கும்போது மறுபடியும் வடிந்து வரும். இப்படி ஆண்டுதோறும் ஏறி இறங்கி, 5 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரையுள்ள மண் முழுக்க எண்ணெய் பூசிய மாதிரி ஆகிவிடும். எங்கள் தொழிலில் அதைப் பூச்சு மண்டலம் என்போம். உங்கள் 6,000 லிட்டரில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு.

நானும் ஒருமுறை இதில் ஏமாந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மழைக்குப் பிறகு ஒரு கிணற்றில் எண்ணெய் அறவே காணாமல் போனதைப் பார்த்து, ‘மிதக்கும் எண்ணெய் அகற்றப்பட்டது’ என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஆறு மாதம் கழித்து, நீர்மட்டம் இறங்கிய பின் அதே கிணற்றில் தூக்குக் குழாயை, அதாவது கயிற்றில் கட்டி நீர் அள்ளும் குழாயை, இறக்கி ஏற்றினேன். கண்ணாடிபோல் தெளிந்த அந்தக் குழாயில் மேல் பாதி தேநீர் நிறத்தில் பெட்ரோல், கீழ்ப் பாதி தண்ணீர். அன்றிலிருந்து, நீர்மட்டத்தை எழுதாத எண்ணெய்த் தடிமன் அளவு எதையும் நான் படிப்பதே இல்லை.

சரி, மூன்று விலைப்புள்ளிகள். தோண்டி எடுப்பதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதில் பேச அதிகமில்லை. 4 மீட்டர் தோண்டினால் எண்ணெய் தொடங்கும் இடத்துக்கு ஒரு மீட்டர் மேலேயே நின்றுவிடுவீர்கள். தொட்டிக்கு நேர் கீழே கசிவு இறங்கிய பாதையில் ஊறிய மண் இருந்தால் அதை மட்டும் எடுங்கள். மற்றபடி நல்ல மண்ணை லாரி லாரியாக ஏற்றி அனுப்ப வேண்டாம்.

பெர்மாங்கனேட் நல்ல மருந்துதான், நோய் வேறு. உலர்சலவைக் கடைகள் பயன்படுத்தும் குளோரின் கரைப்பான்கள் மண்ணில் இறங்கியிருந்தால் அது நன்றாக வேலை செய்யும். பென்சீன் வளையத்தை அது உடைக்காது என்றே சொல்லலாம். பெட்ரோல் கசிவில் நாம் முதலில் அஞ்சும் பொருள் பென்சீன். அதைத் தொடாத மருந்தை எந்தத் துணிச்சலில் பரிந்துரைத்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் மறுத்தால், அடுத்து பெர்சல்ஃபேட் என்ற வேறொரு ரசாயனத்தோடு வருவார்கள். அது பென்சீனை உடைக்கும், உண்மை. ஆனால் கணக்குப் போடுங்கள். வேதிச் சமன்பாட்டின்படி ஒரு கிலோ பென்சீனை முழுக்க எரிக்கவே சுமார் 46 கிலோ சோடியம் பெர்சல்ஃபேட் வேண்டும். உங்கள் 6,000 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 4,500 கிலோ. மற்ற சேர்மங்களுக்கும் தேவை ஏறக்குறைய அதே அளவுதான் என்று வைத்துக்கொண்டால் 200 டன் ரசாயனம். மண்ணே தின்று தீர்க்கும் பங்கு தனி. கடைசியில் மிஞ்சும் சில்லறை மாசுக்கு வேண்டுமானால் இந்த முறையை யோசிக்கலாம், எண்ணெய் ஊறிய மண்ணுக்கு அல்ல.

இறைத்துச் சுத்திகரிக்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மூன்றில் பார்க்க மிகவும் நியாயமாகத் தெரிவது அதுதான். தண்ணீர் கெட்டிருக்கிறது, தண்ணீரை எடுத்துச் சுத்தம் செய்கிறோம், இதில் என்ன தவறு?

நாளொன்றுக்கு 50,000 லிட்டர் இறைக்கிறீர்கள். அந்த நீரில் கரைந்திருக்கும் எண்ணெய்ச் சேர்மங்கள் எல்லாம் சேர்த்து லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்று வைப்போம். சுற்றிலுமிருந்து நல்ல நீரும் சேர்ந்து வருவதால், இறைக்கும் நீரில் இது நியாயமான அளவே. அப்படியானால் ஒரு நாளைக்கு வெளியேறுவது 250 கிராம். ஆண்டுக்கு 91 கிலோ, அதாவது சுமார் 120 லிட்டர் பெட்ரோல். 6,000 லிட்டரை 120 ஆல் வகுத்தால் 50 ஆண்டு. பம்பு ஓடும், மின்கட்டணம் ஏறும், கார்பன் தொட்டியை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். அங்கே மண்ணில் பூசிக்கிடக்கும் எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கரைந்து புதுத் தண்ணீரைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். பம்பை நிறுத்தினால் சில மாதங்களில் மாசு அளவு பழையபடி ஏறிவிடும். அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் 1994-இல் இறைப்பு முறை நடந்துகொண்டிருந்த 77 இடங்களைப் பரிசீலித்தது. சுத்திகரிப்பு இலக்கை எட்டியவை எட்டே எட்டு. அவற்றில் பெட்ரோல் அல்லாத மாசு உள்ள இடங்களும் உண்டு, ஆனால் பாடம் உங்களுக்கும் பொருந்தும்.

இறைப்புக்கு ஒரு நல்ல உபயோகம் உண்டு: மாசு ஒரு கிணற்றை நோக்கி ஓடுகிறது என்றால் அதை வழிமறிக்கலாம். வேலி மாதிரி. வேலி போட்டால் மாடு வெளியே போகாது, அவ்வளவுதான்.

பெமிஜி என்ற ஊரைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கிறது. 1979 ஆகஸ்டில் அங்கே ஒரு கச்சா எண்ணெய்க் குழாய் வெடித்து சுமார் 17 லட்சம் லிட்டர் கொட்டியது. முடிந்ததை அள்ளினார்கள், நிலத்தடியில் பெரும் அளவு தங்கிவிட்டது. 1983 முதல் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் அந்த இடத்தையே திறந்தவெளி ஆய்வுக்கூடமாக வைத்துக் கவனித்து வருகிறது. 1999 முதல் 2003 வரை அங்கே எண்ணெயைத் தனியாகவும் தண்ணீரைத் தனியாகவும் இறைக்கும் இரட்டைப் பம்புகளை ஓட்டினார்கள். 1,15,000 லிட்டர் எண்ணெய் வெளியே வந்தது. மிச்சமிருந்ததில் 36 முதல் 41 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கிணறுகளில் அளந்த சராசரி எண்ணெய்த் தடிமனில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. இறைத்த நீரை நிலத்தடி நீரோட்டத்தின் மேற்பக்கத்தில் மண்ணுக்குள் விட்டதால் அங்கே ஆக்சிஜன் இல்லாத புதிய மாசு நாக்கு ஒன்று, அதாவது நீரோட்டத்தோடு நாக்குபோல் நீளும் மாசுப் பகுதி, உருவானதுதான் மிச்சம்.

அதே பெமிஜிதான் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. கரைந்த மாசு, நிலத்தடி நீர் ஓடும் வேகத்துக்கு ஏற்ப நீண்டுகொண்டே போகவில்லை. மண்ணில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்தன. கலிஃபோர்னியாவில் கசிந்த எரிபொருள் தொட்டி இடங்கள் 271-ஐ லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் 1995-இல் தொகுத்துப் பார்த்தபோதும், பென்சீன் நாக்கின் நீளம் 250 அடியை அரிதாகவே தாண்டியிருந்தது. உங்கள் பக்கத்து வீடு 120 மீட்டரில், அதாவது 400 அடிக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. அந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் மனசு ஆறும். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு தூங்கிவிடாதீர்கள். அந்த வீட்டில் பெரிய பம்பு ஓடினால் நாக்கை அதுவே இழுக்கும். உங்கள் பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால், பாக்டீரியாக்கள் முதலில் எத்தனாலுக்குத்தான் போகும். பந்தியில் பாயசத்துக்குப் போவது போல. ஆக்சிஜனை அங்கேயே செலவழித்துவிடும், பென்சீன் நாக்கு நீளும். எம்.டி.பி.இ. என்ற சேர்மம் கலந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. அது தண்ணீரில் தாராளமாகக் கரையும், மண்ணில் ஒட்டாது, பென்சீனைவிட முன்னால் ஓடும். இரண்டில் எது கலந்த பெட்ரோல் உங்கள் தொட்டிக்கு வந்தது என்று கொள்முதல் ரசீதுகளைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். லேபுக்கு எழுதும் பட்டியலில் எம்.டி.பி.இ.-யைச் சேர்க்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பார்க்க மாட்டார்கள்.

அப்படியானால் திட்டம் என்ன?

முதலில் திசை. இரண்டு கிணறுகளை வைத்து நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்ல முடியாது; குறைந்தது மூன்று வேண்டும், முக்கோணமாக. தொட்டி இருந்த இடத்துக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் குறைந்தது இன்னும் இரண்டு கிணறுகள் வேண்டும். வேகத்தையும் கணக்கிடுங்கள். மணலின் நீர் கடத்தும் திறன் நாளொன்றுக்கு 10 மீட்டர், நீர்மட்டச் சரிவு ஆயிரத்துக்கு 5, நுண்துளை கால் பங்கு என்று எடுத்துக்கொண்டால் நீர் நாளுக்கு 20 செ.மீ. நகரும். 120 மீட்டரைக் கடக்க 600 நாள். உங்கள் தொட்டி எப்போது கசியத் தொடங்கியது? பதிவேட்டில் கணக்கு முதலில் எந்த மாதம் உதைக்கிறது என்று பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு முந்தையது என்றால் மாசின் முனை அந்த வீட்டை எட்டக்கூடிய காலம் ஆகிவிட்டது.

அடுத்து, மிதக்கும் எண்ணெயை இறைத்தால் வருமா என்ற சோதனை. கிணற்றில் உள்ள பெட்ரோலைத் தூக்குக் குழாயால் அள்ளிவிட்டு, திரும்ப எவ்வளவு வேகத்தில் நிரம்புகிறது என்று மணிக்கணக்கில் அளப்பார்கள். அதிலிருந்து எண்ணெயின் கடத்து திறன், அதாவது அது மண்ணுக்குள் எவ்வளவு எளிதாக நகர்ந்து வரும் என்ற அளவு, கிடைக்கும். அமெரிக்க மாநிலங்களின் தொழில்நுட்பக் கூட்டமைப்பான ஐ.டி.ஆர்.சி., இது நாளொன்றுக்கு 0.1 முதல் 0.8 சதுர அடிக்குள் இறங்கிவிட்டால் மேற்கொண்டு இறைப்பதில் பலன் சொற்பம் என்கிறது. இந்தச் சோதனையை நீர்மட்டம் இறங்கிய மாதத்தில் செய்ய வேண்டும். இப்போது செய்தால் ‘எண்ணெயே வரவில்லை’ என்று அழகான ஓர் அறிக்கை கிடைக்கும்.

முக்கிய வேலையை நான் காற்றிடம் ஒப்படைப்பேன். பெட்ரோல் எளிதில் ஆவியாகும் பொருள், உங்கள் மண்ணோ மணல். நீர்மட்டம் 7 மீட்டருக்கு இறங்கும்போது பூச்சு மண்டலம் முழுக்கக் காற்றுக்குத் திறந்து கிடக்கும். அந்த ஆழத்தில் குழாய்களை இறக்கி, மேலே ஊதுவிசிறி வைத்து மண்ணின் காற்றை உறிஞ்சினால் பெட்ரோல் ஆவியாக வெளியேறும். கூடவே வெளிக்காற்று மண்ணுக்குள் புகுந்து பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் கொடுக்கும். இந்த இரண்டாவது பலன் சின்னதல்ல. ஒரு மில்லிகிராம் பென்சீனைத் தின்ன பாக்டீரியாவுக்குச் சுமார் 3 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் கரையக்கூடிய ஆக்சிஜனே 8, 9 மில்லிகிராம்தான். அதே ஒரு லிட்டர் காற்றில் 250 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆக்சிஜனைத் தண்ணீர் வழியாக அனுப்புவதற்கும் காற்று வழியாக அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு.

களி அடுக்குகளுக்குள் காற்று போகாது. அங்கே மெதுவாகத்தான் நடக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆரம்ப வாரங்களில் வெளிவரும் ஆவி தீப்பிடிக்கும் அளவைத் தாண்டியிருக்கும். பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதம் இருந்தாலே பற்றும். ஆகவே தீப்பொறி எழாத மோட்டார், வெளிக்காற்றைக் கலந்து நீர்க்கச் செய்யும் வால்வு, ஆவியை எரிக்கவோ பிடிக்கவோ ஒரு கருவி, இவை மூன்றும் விலைப்புள்ளியில் தனித்தனி வரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லை என்றால் அந்த ஆளுக்கு இந்த வேலை தெரியாது.

எண்ணெய் இப்படிக் குறையும்போது, கரைந்த நாக்கை பாக்டீரியாக்களிடம் விட்டுவிட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்துவரலாம். விட்டுவிடுவது என்றால் மறந்துவிடுவது அல்ல. நாக்குக்குள் இருக்கும் கிணறுகளில் ஆக்சிஜன், நைட்ரேட், சல்ஃபேட் குறைந்தும், கரைந்த இரும்பும் மீத்தேனும் கூடியும் இருந்தால் பாக்டீரியாக்கள் வேலை செய்கின்றன என்று பொருள். எடுத்த நீரை வாளியில் கொஞ்ச நேரம் வைத்தால் ஆரஞ்சு நிறத்தில் கலங்கும், அந்த இரும்புதான் காரணம்.

மாதிரி எடுப்பதில் ஏமாறாதீர்கள். 40 மி.லி. கண்ணாடிக் குப்பி, உள்ளே சில துளி அமிலம், விளிம்பு தளும்ப நீர், பிறகு மூடி. மூடியதும் கவிழ்த்து விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். பட்டாணி அளவு காற்றுக்குமிழ் ஏறினாலும் அந்தக் குப்பி ஆகாது. பென்சீன் குமிழுக்குள் போய்விடும், முடிவு குறைத்துக் காட்டும். குளிர்ப்பெட்டியில் வைத்து 14 நாளுக்குள் சோதிக்க வேண்டும். பெட்ரோல் மிதக்கும் கிணற்றில் நீர் மாதிரியே எடுக்காதீர்கள், அது எண்ணெய்ச் சாறுதான்.

எத்தனை ஆண்டு என்று கேட்டிருந்தீர்கள். உறிஞ்சும் கருவி இரண்டு அல்லது மூன்று வறண்ட பருவங்கள் ஓட வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். கரைந்த மாசு குடிநீர் அளவுக்கு இறங்குவது அதைவிட நெடுங்காலம், பத்தாண்டுக் கணக்கில் பேச வேண்டியது. யாராவது ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்றால், எதை முடிக்கப் போகிறார் என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தில் ஒவ்வொரு கருவிக்கும் நிறுத்தும் நிபந்தனையை இப்போதே எழுதுங்கள்: வெளிவரும் ஆவியின் அளவு தட்டையாகி, கருவியை மூன்று மாதம் நிறுத்திப் பார்த்தும் மறுபடி ஏறாவிட்டால் நிறுத்தலாம் என்பதுபோல. அது இல்லாமல் தொடங்கிய கருவிகள், மாத வாடகை வரும்வரை ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, எண்ணெயே இல்லை என்ற உங்கள் இரண்டாவது கிணறு. அதன் துளையிட்ட குழாய்ப் பகுதி எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்று துளையிட்டவர் கொடுத்த பதிவில் பாருங்கள். அது 6 மீட்டரில் தொடங்கினால், இப்போது 5 மீட்டரில் நிற்கும் நீர்மட்டம் துளைகளுக்கு ஒரு மீட்டர் மேலே இருக்கிறது. மிதக்கும் பெட்ரோல் உள்ளே வர வழியே இல்லை. அந்த ஆழத்தையும், கசிவு தொடங்கிய மாதத்தையும் எனக்கு எழுதுங்கள். புதிய கிணறுகளை எங்கே போடுவது என்று அதற்குப் பிறகு பேசலாம்.